அனுப்பிய படம் என்ன ஆச்சு?

(கடலோர மாவட்டங்களில் பணியாற்றும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு நீளமான தலைப்பாகப் போட்டிருக்கிறீர்கள். 'தன்னார்வ மக்கள் செய்தியாளர்களைச் சமூக ஊடகங்கள் வழியாகத் தொண்டு நிறுவனங்கள் ஈடுபடுத்துவது எப்படி?' ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. அது போகட்டும். அதில் 'ஈடுபடுத்துவது' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மாட்டை ஏரில் பூட்டுகிற சத்தம் அதில் கேட்கிறது. ஊரில் கைபேசியும் ஆர்வமும் உள்ள பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து நம் வேலைக்கு வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்பது போலத் தொனிக்கிறது. நீங்கள் அந்த அர்த்தத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் நான் பார்த்த பல நிறுவனங்களில் நடப்பது அதுதான். அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். செய்தி அனுப்புகிறவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று பேசலாம்.

அதற்கு முன், செய்தி எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வரவில்லை என்று கொஞ்சம் பார்ப்போம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் தேதிக் காலையைப் பற்றி இந்த அவையில் பாதிப் பேருக்கு நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேல். ஆனால் அலை கரையேறும் காட்சி என்று உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்ட படங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தாய்லாந்துக் கடற்கரை விடுதிகளிலும் அதுபோன்ற இடங்களிலும் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை. அவர்கள் கையில் வீடியோ கேமரா இருந்தது. நம் குப்பங்களில் இல்லை. அதனால் நமக்கு அலைக்குப் பிறகான படங்கள்தான் மிஞ்சின. அவையும் வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை.

பதினான்கு வருடம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. இந்த முறை வீட்டுக்கு வீடு கைபேசி இருந்தது. ஆனால் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, டவர்கள் செத்துப்போயின, சார்ஜ் போட வழியில்லை. தென்னை மொத்தமும் படுத்துவிட்ட ஊர்களிலிருந்து முதல் சில நாட்கள் ஒரு படம் வெளியே வர முடியவில்லை. முகநூலில் டெல்டாவுக்காகக் கத்தியவர்களில் பலர் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த டெல்டாக்காரர்கள். ஆக, மிக மோசமாக அடிபட்ட ஊர்தான் அன்றைக்கு மிக அமைதியாக இருந்தது. சமூக ஊடகத்தை வைத்து வேலை செய்யப்போகிறவர்கள் முதலில் மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான். திரையில் சத்தம் வருகிற இடத்தில்தான் தேவை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து செய்தி வரவில்லையோ அந்த ஊருக்கு யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் டெல்டாவில் ஓர் ஊரில் கல்லூரி முடித்த பெண் ஒருவரைச் சந்தித்தேன். ஒரு நிறுவனம் நடத்திய ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தார். அடையாள அட்டை கொடுத்தார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள், 'உங்கள் ஊர்ப் பிரச்சினையைப் படம் எடுத்து அனுப்புங்கள்' என்றார்கள். அவரும் அனுப்பினார். அங்கன்வாடிக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற படம், கீழே குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் படம், மழை பெய்யும்போது ஒழுகுவதை எடுத்த சிறு வீடியோ. பதிலுக்குக் குழுவில் பன்னிரண்டு கட்டைவிரல், நான்கு கும்பிடு, ஒரு 'சூப்பர் சிஸ்டர்'. அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறு இரண்டு படம் அனுப்பினார். மறுபடி கட்டைவிரல். பிறகு நிறுத்திவிட்டார். ஏன்மா நிறுத்திட்டே என்று கேட்டேன். "அனுப்புன படம் என்ன ஆச்சுன்னே தெரியல சார். அந்த டீச்சர் வேற, நீ படம் எடுத்தியே என்ன ஆச்சுன்னு தெனம் கேக்குறாங்க. எனக்கு அந்தப் பக்கம் போகவே வெக்கமா இருக்கு" என்றார்.

அந்த வெட்கத்தை யோசித்துப் பாருங்கள். நிறுவனத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊரில் முகம் கொடுக்க முடியாமல் போனது அந்தப் பெண்ணுக்கு. படம் எடுத்தபோது அவர் ஊருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார், நம் பேரில். அந்த வாக்கை நாம் கட்டைவிரலால் அழித்துவிட்டோம்.

நான் பல வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். தாலுகா நிருபர் அனுப்புகிற செய்தியில் பத்தில் ஏழு அச்சேறாது. ஆனாலும் அவர் தொடர்ந்து அனுப்புவார், ஏனென்றால் மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தால் எது வந்தது, எது வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மக்கள் செய்தியாளருக்கு அந்தக் காலைப் பேப்பர் கிடையாது. அதை நாம்தான் அவருக்கு உண்டாக்கித் தர வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சத்தீஸ்கரில் கோண்டி பேசும் ஆதிவாசி மக்களின் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அங்கே பிபிசியில் வேலை பார்த்த சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் 'சிஜிநெட் ஸ்வரா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அதற்கு இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். சாதாரணக் கைபேசியிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் கணினி திரும்ப அழைக்கும். ஓர் எண்ணை அழுத்தினால் உங்கள் செய்தியை உங்கள் குரலிலேயே பதியலாம். இன்னோர் எண்ணை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். வந்த செய்தியைச் சரிபார்த்த பிறகே வெளியே விடுவார்கள். இதில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பம் அல்ல. செய்தி சொல்பவர் கடைசியில் சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சொல்வார். 'கேட்பவர்கள் இந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்' என்பார். எங்கோ நகரத்தில் கேட்பவர்கள் உண்மையிலேயே அழைப்பார்கள். கைப்பம்பு சரியானால், கூலி பாக்கி வந்தால், அதே ஆள் மறுபடி அழைத்து 'வந்துவிட்டது, அழைத்தவர்களுக்கு நன்றி' என்று பதிவார். செய்தி ஒரு வட்டம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

கோவாவை மையமாகக் கொண்ட 'வீடியோ வாலன்டியர்ஸ்' இன்னொன்று. ஸ்டாலின் கே., ஜெசிகா மேபெரி இருவரும் தொடங்கியது. 2010 முதல் 'இந்தியா அன்ஹெர்டு' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஊர்க்காரர்களையே செய்தியாளர்களாகப் பழக்கினார்கள். அவர்கள் முறையில் பிரச்சினையைக் காட்டும் வீடியோவோடு வேலை முடியாது. அதை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டு, மக்களைக் கூட்டு, தீர்வு வந்த பிறகு இரண்டாவது வீடியோ எடு என்பார்கள். அந்த இரண்டாவது வீடியோவுக்கும் சன்மானம் உண்டு. பெயரில் தன்னார்வம் இருந்தாலும் அவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர் என்றால் பஸ் டிக்கெட்டும் டேட்டா பேக்கும் கைக்காசில் போட்டுக்கொண்டு வேலை செய்பவர் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாள் கூலிக்குப் போகாமல் நமக்காக ஒன்றிய அலுவலக வாசலில் காத்திருக்கிற ஒருவருக்கு ரீசார்ஜ் செய்து கொடுக்கக்கூட திட்ட மதிப்பீட்டில் இடமில்லை என்றால், அந்த மதிப்பீட்டைப் போட்டவர் ஊர்ப்பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். பேனருக்கு மட்டும் எப்போதும் காசு இருக்கும்.

அடுத்தது பயிற்சி. ஒருநாள் பயிற்சி கொடுத்து, அட்டையை மாட்டிவிட்டு, கைபேசிதான் இருக்கிறதே என்று அனுப்பிவிடுகிறோம். இந்தத் தவறை நமக்கு முன்னாலேயே பெரிய ஆட்கள் செய்து பாடம் படித்திருக்கிறார்கள். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரோட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீசார் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே என்ற பிளம்பர் அதைத் தன் கையடக்கக் கேமராவில் எடுத்தார். முதலில் அவர் காவல் துறையைத்தான் தொடர்புகொண்டார். அங்கே யாரும் கண்டுகொள்ளாததால் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டுபோனார். மற்றது உலகறிந்தது. பாருங்கள், அங்கேயும் பதில் கிடைக்காத இடத்தில்தான் கதை திரும்புகிறது.

அந்த வீடியோவைப் பார்த்த பிறகு, மனித உரிமைக்காரர்கள் கையில் எல்லாம் கேமரா இருந்தால் எப்படி இருக்கும் என்று பாடகர் பீட்டர் கேப்ரியலும் சிலரும் 1992இல் 'விட்னஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பல நாடுகளுக்குக் கேமரா அனுப்பினார்கள். படங்கள் வந்தன. ஆனால் தொலைக்காட்சியில் போடவும் உதவவில்லை, நீதிமன்றத்தில் வைக்கவும் உதவவில்லை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, இதில் யார் யார் என்று எதுவும் இல்லாமல் வெறும் படமாக வந்தால் அதை வைத்து என்ன செய்வது? அதன் பிறகுதான் கேமராவைக் கொடுப்பதைவிட எடுக்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம் என்று பாதையை மாற்றிக்கொண்டார்கள். ரோட்னி கிங் வழக்கிலேயே அந்தப் பாடம் இருந்தது. அவ்வளவு தெளிவான படம் இருந்தும் 1992 ஏப்ரலில் முதல் விசாரணையில் போலீஸ்காரர்கள் தண்டனையின்றி வெளியே வந்தார்கள். அவர்கள் தரப்பு வக்கீல்கள் அதே வீடியோவைக் காட்சி காட்சியாக நிறுத்தி, தங்களுக்குச் சாதகமாகக் கதை சொன்னார்கள். நகரம் பற்றி எரிந்தது. படம் தானாகப் பேசும் என்பார்கள். பேசாது. யாராவது அதற்குப் பக்கத்தில் நின்று விவரம் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். டிரைபாடும் எடிட்டிங் ஆப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஊர்ப் பெயர்ப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை எண் என்று இடத்தைக் காட்டுகிற ஏதாவது ஒன்று படத்துக்குள் விழ வேண்டும் என்பதை. கூடவே தேதி, நேரம், தானே பார்த்ததா, இன்னொருவர் சொன்னதா என்று நான்கு வரி எழுதி அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே வரும். ஒரு மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய படம் என்றால் இந்தச் சின்ன வித்தியாசம் பெரிது.

சரிபார்ப்பது பற்றிச் சென்னைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது, ட்விட்டரிலும் முகநூலிலும் இளைஞர்கள் செய்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். கேட்பவர் பெயர், இடம், படகு வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா என்று பொதுவில் பட்டியல் போட்டு ஓட்டினார்கள். அதே நாட்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பி, சென்னை முதலைப் பண்ணை நிர்வாகம் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஏன், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே, பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படம் என்று ஒட்டுப்போட்ட படத்தை வெளியிட்டு, கிண்டலுக்கு ஆளாகி, பிறகு எடுத்துவிட்டது. அரசுக்கே அப்படி என்றால் பத்தொன்பது வயதுப் பையனை நாம் என்ன சொல்ல?

ஆனால் அந்த வெள்ளத்தில் பொய்ச் செய்தியைவிட அதிகத் தொல்லை கொடுத்தது பழைய செய்தி. 'ஏழாம் மாதக் கர்ப்பிணி, மொட்டை மாடியில் இருக்கிறார், உடனே உதவுங்கள்' என்று ஒரு தகவல் வரும். அழைத்தால் 'எங்களை நேற்றே மீட்டுவிட்டார்கள், தயவுசெய்து இனி அழைக்காதீர்கள், பேட்டரி தீர்கிறது' என்பார்கள். செய்தி உண்மைதான், நேரம்தான் போய்விட்டது. யாரும் 'முடிந்தது' என்று போடவில்லை. அதனால் அது ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருந்தது. ஒரு நிறுவனம் குழு நடத்தினால், வருகிற ஒவ்வொரு வேண்டுகோளின் தலையிலும் நேரம் எழுதுவதும், தீர்ந்ததும் 'முடிந்தது' என்று அதன் கீழேயே எழுதுவதும் யாராவது ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துக் கேரள வெள்ளத்தில், தன்னார்வ மென்பொருள் பொறியாளர்களும் மாநில ஐ.டி. மிஷனும் சேர்ந்து ஒரே இணையதளத்தில் வேண்டுகோள்களைக் குவித்தார்கள். அரசும் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. பத்து இடத்தில் பத்துப் பட்டியல் ஓடுவதைவிட ஒரே பட்டியல் நல்லது என்பதை நம் வெள்ளம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், அதில் நமக்கு ஒரு சொந்தப் பாடம் இருக்கிறது. 2007 டிசம்பரில் கென்யாவில் தேர்தலுக்குப் பிறகு கலவரம் மூண்டது. நேரடி ஒளிபரப்பை அரசு தடை செய்தது. ஓரி ஒகோலோ என்ற பெண் வழக்கறிஞரும் சில நண்பர்களும், எங்கே என்ன நடக்கிறது என்று மக்களே அனுப்பும் தகவலை வரைபடத்தில் புள்ளியாக வைக்கிற ஒரு தளத்தைச் சில நாட்களில் உருவாக்கினார்கள். அதற்கு 'உஷாஹிடி' என்று பெயர். சுவாஹிலி மொழியில் சாட்சியம் என்று பொருள். இரண்டு வருடம் கழித்து, 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அதே மென்பொருளை அங்கே பயன்படுத்தினார்கள். 4636 என்ற எண்ணுக்கு மக்கள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஆனால் வந்ததெல்லாம் கிரியோல் மொழியில். மீட்புக்கு வந்த வெளிநாட்டவருக்கு ஒரு எழுத்து புரியாது. அப்போது அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இருந்த ஹெய்ட்டிக்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். எந்தத் தெரு, எந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கஜா சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து கத்திக்கொண்டிருந்த நம் டெல்டாப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பணம் அனுப்பினார்கள், நாம் வாங்கிக்கொண்டோம். தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் தலித் குடியிருப்புக்கு எந்த வாய்க்கால் வழியாகப் போக வேண்டும் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம்.

கஜாவுக்கு நான்கு வருடம் கழித்து, வேறு வேலையாகப் போயிருந்த ஊரில் ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புயலுக்கு மறுநாள் விழுந்த வீட்டுக்கு முன்னால் அவர் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்ததை யாரோ ஒரு தம்பி படம் எடுத்திருக்கிறார். உதவி வரும் என்றார்கள், இவரும் எடுத்துக்கோ என்றார். தார்ப்பாயும் அரிசியும் வந்தது. அந்த அளவில் சரி. ஆனால் அந்தப் படம் அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும், நன்கொடை கேட்கிற ஒவ்வொரு அறிவிப்பிலும் வந்துகொண்டே இருந்தது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த வீட்டுக்காரர்கள் அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "உங்க அம்மாவா இது, இன்னும் வீடு கட்டலையா" என்று கேட்டிருக்கிறார்கள். வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டது. "நான் ஒருநாள் அழுதேன் தம்பி. அவங்க என்னய தெனம் அழ வைக்கிறாங்க. அந்தப் படத்த எடுத்துடச் சொல்லுங்க" என்றார். யாரிடம் சொல்வது? எடுத்த பையன் அரபு நாட்டுக்குப் போய்விட்டான். நிறுவனத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டார். படம் மட்டும் வேலையில் நீடிக்கிறது.

சம்மதம் என்று நாம் வாங்குகிற கையெழுத்து, பெரும்பாலும் அரிசி மூட்டைக்கு முன்னால் நிற்கிறவரிடம் வாங்குகிற கையெழுத்து. பசியோடு நிற்பவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார். நிவாரணப் பையைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2015 வெள்ளத்தில் கட்சிக்காரர்கள் நிவாரணப் பொருள்மேல் தங்கள் தலைவர் பட ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம். நம் பேனருக்கு முன்னால் நிற்க வைக்கிற பெண்ணின் முகமும் ஒரு ஸ்டிக்கர்தான்.

சட்டமும் சும்மா இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை, பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தை யாராக இருந்தாலும் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ, படத்தையோ வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். போக்சோ சட்டத்திலும் 23ஆம் பிரிவு இதையே சொல்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அப்பா தொழிலும் போட்டுவிட்டு முகத்தை மட்டும் மங்கலாக்கினால் அடையாளம் மறைந்ததாகாது. கிராமத்தில் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். இதைத் தன்னார்வலருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் கம்பி எண்ணப்போவது அவர், மாநாட்டில் கட்டுரை வாசிக்கப்போவது நாம்.

வெளிநாட்டு நிதி வாங்குகிற நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒலி, ஒளி வடிவில் செய்தியோ நடப்பு நிகழ்ச்சியோ தயாரித்து மின்னணு வழியில் வெளியிடும் அமைப்புகளும் அவற்றின் செய்தியாளர்களும் வெளிநாட்டு நிதி வாங்கக் கூடாது என்கிறது. யூடியூபில் 'செய்திகள்' என்று ஒரு சேனல் தொடங்கி, மைக்கில் லோகோ மாட்டிக்கொண்டு பேட்டி எடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரையும் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள். இதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை, எனக்கே தலைசுற்றும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆற்று மணல் கொள்ளையைப் படம் எடுக்கிற பையனும் அங்கன்வாடிக் கூரையைப் படம் எடுக்கிற பெண்ணும் ஒன்றல்ல. மனிதர் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தது. திரையிடலுக்குக் காவல் துறை முட்டுக்கட்டை போட்டது. படம் யூடியூபில் வெளியாகி ஊரெல்லாம் பார்த்தது. அதன் பிறகு அவர் சந்தித்த மிரட்டல்களும் வழக்குகளும் பத்திரிகைகளில் வந்தவை. அவர் பெயர் தெரிந்தவர், அவருக்காகப் பேச ஆள் இருந்தது. உங்கள் குழுவில் இருக்கும் பெயர் தெரியாத பையனை நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் யார் கூடப் போவது? இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் அவனை மணல் பக்கம் அனுப்பாதீர்கள். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கேட்டுப் பதிவிட்டவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2021 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதைச் சொல்ல வைக்கிற அளவுக்கு நிலைமை போயிருந்தது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைச் சொன்னால் சிலருக்கு முகம் மாறும். மக்கள் செய்தியாளர் நம்மைப் பற்றியும் எழுதுவார். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் ஒரு குடியிருப்பில் கழிப்பறைகள் கட்டிக்கொடுத்தது. ஆண்டறிக்கையில் பளபளவென்று படம். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய தன்னார்வலரான பெட்டிக்கடைக்காரர் ஒருவரே குழுவில் ஒரு படம் போட்டார். கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருந்தது. தண்ணீர் இணைப்பு வரவில்லை, மக்கள் என்ன செய்வார்கள்? படம் பத்து நிமிடத்தில் காணாமல் போனது. சாயங்காலத்துக்குள் அவரும் குழுவில் இல்லை. அட்மின் நீக்கிவிட்டார். அந்தக் குழுவில் அதன் பிறகு காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்தான் வந்தன. நூற்றுச் சொச்சம் பேரும் அன்றைக்கே பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அந்த விறகுப் படம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த செய்தி. மதிப்பீட்டாளரை விமானத்தில் வரவழைத்து, கட்டணம் கொடுத்து, மூன்று மாதம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்தப் பெட்டிக்கடைக்காரர் ஓசியில் சொன்னார். இப்படித் தயங்காமல் சொல்கிறவர்களுக்கு ஓர் உதாரணம், உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் தொடங்கிய 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை. 2002இல் 'நிரந்தர்' என்ற தொண்டு நிறுவனம் தூண்டி, கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், நடத்தத் தொடங்கியது. இன்று முழுக்க டிஜிட்டலில் இயங்குகிறது. அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். படம் நல்ல படம்தான், ஆனால் நாங்கள் ஒரே கட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் போலக் காட்டியிருக்கிறார்கள், எங்கள் முழுக் கதை அது அல்ல என்றார்கள். ஆஸ்கர் வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! தொண்டு நிறுவனத்தின் கைப்பிடியில் வளர்ந்து, பிறகு யாரிடமும் 'அது அப்படியில்லை' என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் தன்னார்வலர் ஒருநாள் உங்களிடமே அப்படிச் சொன்னால், அவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். மாதாந்திரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

மணி ஒன்றரை ஆகிவிட்டது. சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் பேசுவது பாவம். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். பதில் போடாத படம் ஒன்றாவது இருக்கும். அனுப்பியவரின் பெயரைச் சொல்லி, பார்த்தோம், இன்ன தேதியில் இன்னாரிடம் மனு கொடுப்போம் என்று எழுதுங்கள். கொடுக்க முடியாது என்றால் முடியாது, காரணம் இது என்று எழுதுங்கள். எழுதிவிட்டுச் சாப்பிட வாருங்கள்.